கடைசியாகப் பார்த்தவர்

பாலம் வந்ததும் ரயில் பெட்டியில் இருந்த எல்லாரும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்கள், அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா, மயக்கமா, இல்லை பார்க்க மனமில்லையா. நெஞ்சில் அடைப்புக்குக் குழாய் வைத்த ஆள். தாராளமாகப் போகலாம் என்றுதான் தைப்பிங் டாக்டர் சொன்னார், ஆனால் ஏதோ சுற்றுலா போகிறோம் என்று நினைத்துச் சொன்னார் அவர். அப்பாவுக்குத் திதி கொடுக்கச் சயாமுக்குப் போகிறேன் டாக்டர் என்று அண்ணன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சட்டைப்பை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். இறங்குகிறது. ஏறுகிறது. சரி. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என் தோளுக்கு மேலே கையை நீட்டிப் பாலத்தைப் படம் பிடிக்கிறாள், அவள் உடம்பில் வெயிலுக்குப் பூசிய களிம்பின் வாசம். கீழே ஆறு, பால் அதிகமாக ஊற்றிய தேத்தண்ணி மாதிரி. இந்த ஆற்றின் ஓரமாகத்தான் மேலே மேலே போயிருக்கிறார்கள். அவரும் போனார், அப்பாவும் போனார். அவர் என்றால் வையாபுரி, அண்ணனைப் பெற்றவர். அப்பா என்றால் சடையன், என்னைப் பெற்றவர். எங்கள் இரண்டு பேருக்கும் அம்மா ஒருத்திதான். இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன், பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், ஐசி அடையாள அட்டை எடுக்கும் ஆபீசில். அண்ணன் பெயருக்குப் பின்னால் ஏன் வேறு அப்பா பெயர் என்று கேட்பார்கள். சண்டைக் காலத்தில் சயாமில் ரயில் பாதை போடப் போனவர், வரவில்லை என்பேன். ஓ, இறந்துவிட்டாரா என்பார்கள். அங்கேதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆமாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை.

பாலம் போய்விட்டது, எல்லாரும் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இனிக் கொஞ்ச தூரம் மரவள்ளிக் காடும் கரும்பும்தான். மரவள்ளியைப் பார்த்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஜப்பான்காரன் காலத்தில் அதைத்தான் வேக வைத்து, சுட்டு, காய வைத்து, மாவாக்கி, மறுபடி வேக வைத்து என்பாள். மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆம்பிளைகளை வரச்சொல்லி, அரிசி தருகிறோம், சம்பளம் தருகிறோம், மூன்று மாதம் வேலை என்று லாரியில் ஏற்றினார்கள். வையாபுரி ஏறும்போது அண்ணனுக்கு நடை பழகி, ஓட்டம் பழகி, வாய் ஓயாமல் பேசுகிற வயது. லாரிக்குப் பின்னாலேயே ஓடினானாம். அண்ணனுக்கு அது நினைவில்லை. அம்மா சொல்லிச் சொல்லி நினைவு மாதிரி ஆகிவிட்டது என்பார். எனக்கும்தான். நான் பிறப்பதற்குப் பல வருசம் முந்தி நடந்தது, ஆனாலும் அந்த லாரியின் பின்பலகை, சங்கிலி, புழுதி எல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஆளைத்தான் தெரியாது. முகம் தெரியாது, படம் கிடையாது. முகம் இல்லாததால்தான் அவ்வளவு பயமாக இருந்ததோ. சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் நாய் குரைத்தால் அம்மாவின் கை நின்றுவிடும். வெங்காயம் அரிகிற கை, துணி மடிக்கிற கை, என் தலையைப் பின்னுகிற கை. பின்னல் பாதியில் நிற்கும். நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். நாய் அடங்கினதும் கை மறுபடி ஓடும். அவள் வாசலைப் பார்ப்பதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். வந்துவிட்டார் என்றால் என்ன ஆகும். பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டுவிட்டேன். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே அப்பா அம்மாவிடம் சொன்னாராம்: "அவன் எப்ப வந்தாலும் நான் கெளம்பிருவேன் செல்லாயி. நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம்." அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. அப்பா ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்தாலே ஓடிப்போய் அதன் நுனியைப் பிடித்துக்கொள்வேன். வேலைக்குத்தான் போகிறார் என்று தெரிந்தாலும் பிடித்துக்கொள்வேன். அப்பா போனால் நான் யாருடன் போவது. நான் அந்த ஆளுக்கு யார். அந்த ஆள் செத்திருக்க வேண்டும் சாமி என்று மாரியாயி கோயிலில் வேண்டியிருக்கிறேன். பிறகு, அண்ணனின் அப்பாவாயிற்றே என்று பயந்துபோய், அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறு ஏதாவது கேட்பேன். சாமி குழம்பிப் போயிருக்கும்.

இத்தனைக்கும் அந்த ஆள் வராமல் போனதால்தான் நான் பிறந்தேன். இதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், ரயில் ஆட ஆட அதுவே வருகிறது. அவர் வந்திருந்தால் நான் இல்லை. என் மகள் இல்லை, இப்போது அவள் வயிற்றில் இருப்பதும் இல்லை. உலகச் சண்டை என்று புத்தகத்தில் படிக்கிறார்கள், எந்த நாடு எந்த நாட்டோடு, எந்தத் தேதி, எந்தக் குண்டு. எனக்கு அந்தச் சண்டை என்றால் இதுதான், ஒரு ஆள் திரும்பவில்லை, நான் இருக்கிறேன். நேற்று நாங்கள் தங்கியிருக்கும் ஊருக்கு நடுவில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தோம். புல்லை வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது. எல்லாம் பையன்கள். ஒரு கல்லில் அம்மாவும் அப்பாவும் எழுதச் சொன்ன இரண்டு வரி. அண்ணன் குனிந்து விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார், தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர், விலாசத்தை அப்படித்தான் படிப்பார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நம்ம ஆளுங்க இவங்களை விட எவ்வளவோ அதிகமாகச் செத்தார்கள், ஒருத்தன் பெயராவது இருக்கிறதா என்று எனக்குத்தான் கோபம். அண்ணன் நிமிர்ந்து, "பாவம், இவனும் யாரோ பெத்த புள்ள. தேடி வந்து பாத்துட்டுப் போயிருப்பாங்க" என்றார். அவ்வளவுதான். வெயிலில் நடந்து ஓட்டலுக்கு வந்துவிட்டோம். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. அதுதான் இப்போதும் பயம். ஆற்றில் இறங்கி நின்று என்ன சொல்லப் போகிறார். யாரைப் பற்றிச் சொல்லப் போகிறார்.

அப்பாதான் அவரைக் கடைசியாகப் பார்த்த ஆள். சண்டை முடிந்து, எலும்பும் தோலுமாக ஆட்கள் திரும்பி வந்தபோது அம்மா ஒவ்வொரு லாரியாகப் போய்ப் பார்த்தாள், ஒவ்வொரு ஆளாகக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் காலில் ஆறாத புண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு ஆள் லயத்துக்குள் வந்து, வையாபுரி வீடு எது என்று கேட்டிருக்கிறார். அவருக்குச் சொந்தத் தோட்டம் எங்கோ தெலுக் ஆன்சன் பக்கம், அங்கே போய்ப் பார்த்தால் பெண்டாட்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். மறுநாளே கிளம்பி நடந்தும் லாரி ஏறியும் இங்கே வந்துவிட்டார், கூட்டாளி வீட்டுக்குத் தகவல் சொல்ல. சரக்கு வண்டியில் அடைத்துக் கொண்டுபோனபோது பழக்கமானவர்கள் இரண்டு பேரும். பாறை உடைக்கிற இடத்தில் ஒருவர் உளியைப் பிடிக்க ஒருவர் சம்மட்டியால் அடிப்பார்களாம். குறி தவறினால் பிடித்தவன் கை போய்விடும். எங்கள் இரண்டு பேருக்கும் தவறவே இல்லை என்று அப்பா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், சொல்லிவிட்டு விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். மழை, மூங்கில், சேறு, அதற்கு மேல் பேசமாட்டார். அம்மா அன்றைக்குக் கேட்டாள், "செத்துட்டாரா?" என்று. அப்பா சொன்னார், "தெரியலம்மா. வாந்திபேதி வந்துச்சு, சீக்காளிங்க கொட்டாயில கொண்டுபோய்ப் போட்டாங்க. மறுநாள் விடியங்காட்டி எங்கள மேல உள்ள முகாமுக்கு வெரட்டிட்டாங்க. நான் பாத்தப்ப மூச்சு இருந்துச்சு." மூச்சு இருந்துச்சு. எங்கள் வீட்டையே இந்த வார்த்தையின் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். போக இடம் இல்லாமல் அப்பா அந்தத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார், தாலி கட்டியது அதற்குப் பிறகு. ரோட்டோரமாக நல்ல வீடு தருகிறோம் என்று தோட்டத்து நிர்வாகம் சொன்னபோது அம்மா மாட்டேன் என்றாள், "தேடிக்கிட்டு வந்தா வீடு தெரியணும்ல" என்றாள். அப்பா ஒழுகுகிற கூரைக்கு மறுபடி தகரம் அடித்தார். சயாமிலேயே சில பேர் தங்கிவிட்டார்கள், அங்கேயே பெண் கட்டிக்கொண்டார்கள் என்று பேச்சு வரும். அம்மா அதையும் கேட்டுக்கொள்வாள். அப்பா மட்டும், செத்துட்டான் செல்லாயி, நான் கண்ணால பாத்தேன் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அம்மா அழுது தீர்த்திருப்பாள். நாய் குரைத்தால் நான் பயந்திருக்க மாட்டேன். ஏன் சொல்லவில்லை. பெரியவள் ஆன பிறகு, பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்பும்போதெல்லாம் இதுதான் வந்து பக்கத்தில் உட்காரும். ஏன் சொல்லவில்லை.

வேறு மாதிரியும் யோசித்தவர்கள் உண்டு. என் கல்யாணத்தில் குடித்துவிட்டு ஒருத்தன், மாரிமுத்துக் கங்காணி மகன், பந்தலில் நின்று எல்லாரும் கேட்கச் சொன்னான்: "சடையன் கெட்டிக்காரன்லா. கூட்டாளிய அங்க விட்டுட்டு வந்து அவன் வீட்டுல குந்திக்கிட்டான்." அப்பா தலையைக் குனிந்து இலை போட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் அங்கேதான் நின்றார், சாம்பார் வாளி கையில். அடிக்கவில்லை, அதட்டவில்லை. அதற்குப் பிறகு சில வருசம் தீபாவளிக்கு வேலை இருக்கிறது, லீவு இல்லை என்று வரவில்லை. அப்பாவைச் சின்னையா என்றுதான் கூப்பிடுவார், அதுவும் தேவைப்பட்டால். அப்பா செத்தபோது கொள்ளி வைத்தார். கடமைக்கு வைக்கிறார் என்று நினைத்தேன். பிறகும் அம்மா இருந்தவரை வையாபுரிக்குத் திதி என்ற பேச்சையே எடுக்க முடியாது. "செத்தாருன்னு யாரு சொன்னா?" என்பாள். போன வருசம் அம்மாவும் போனாள். முப்பதாம் நாள் காரியம் கும்பிட்டு முடிந்ததும் அண்ணன் என்னிடம் வந்து, "சயாமுக்குப் போகணும் தங்கச்சி. நீயும் வா" என்றார். நீயும் ஏன். அதைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். உங்க அப்பா எங்க அப்பாவை விட்டுட்டு வந்த இடத்தை நீயும் பாரு என்று சொல்லிவிட்டால். இந்த உலகத்தில் எனக்கென்று பழைய ஆள் இவர் ஒருத்தர்தான் மிச்சம். அந்த லயத்து வாசலை, அம்மாவின் கையை, அப்பாவின் புண் காலைப் பார்த்த இன்னொரு கண் இவருடையதுதான். இவரும் வெறுத்துவிட்டால்.

ஏதோ ஒரு சின்ன நிலையம். பள்ளிக்கூடம் விட்டிருக்கும் போல, வெள்ளைச் சட்டை நீலப் பாவாடைப் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறுகிறார்கள். ஒன்று இரண்டு என்று தலையை எண்ணப் போய்விட்டது என் கண், பழக்கம். வியர்வையும் பென்சில் சீவலும் கலந்த அந்த வாசம், என் வேனில் வந்த அதே வாசம். இடம் இல்லாமல் ஒரு பெண் அண்ணன் பக்கத்தில் நெருக்கி உட்காருகிறாள், உட்கார்ந்ததுமே தூங்கி, தலை அண்ணன் தோளில் சாய்ந்துவிட்டது. அவர் அசையாமல் இருக்கிறார். சாகச் சாகப் போட்ட தண்டவாளத்தில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டே வீட்டுக்குப் போகிறாள். இதற்காகவா போட்டார்கள். இல்லை. பர்மாவுக்குப் பீரங்கி கொண்டுபோகப் போட்டார்கள். ஆனால் பீரங்கியெல்லாம் எங்கே போயிற்றோ, இவள்தான் போகிறாள். இதில் ஆறுதல் படலாமா கூடாதா என்று தெரியவில்லை. படலாம் என்றுதான் தோன்றுகிறது. அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார். அந்தப் பிள்ளையின் தூக்கம் கலையாதபடி, உதட்டை மட்டும் அசைக்கிற மாதிரி மெதுவாகப் பேசுகிறார். "சின்னையா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒருநாள் நான் தனியாப் போனேன், உனக்குத் தெரியாது." எனக்குத் தெரியாது. "கேட்டேன். எனக்கும் தலை நரைச்சுப் போச்சு சின்னையா, இப்பயாச்சும் சொல்லுங்க, செத்துட்டாரா இல்லையான்னு." ரயில் வேகம் குறைகிறது, சக்கரம் கிரீச்சென்கிறது. அண்ணே, வேண்டாம். "தண்ணி கேட்டான்னாரு. அந்தக் கொட்டாய்க்குள்ள யாரும் போகக்கூடாதுன்னு உத்தரவாம். போனா அடி, அடியில தப்பிச்சா வாந்திபேதி. இவரு போயிருக்காரு. கொதிக்க வச்ச தண்ணிய மூங்கில் குழாயில கொண்டுபோய்க் குடுத்திருக்காரு. குடிச்சான், உன் பேரச் சொன்னான், அதுக்கு மேல எனக்குத் தெரியாது அய்யாக்கண்ணு, தெரியாதத நான் எப்படிச் சொல்றதுன்னாரு." அண்ணன் அந்தப் பிள்ளையின் நழுவுகிற பையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்கிறார். "நான் விடல. செத்துட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க நிம்மதியா வாழ்ந்திருக்கலாமே, ஊர் வாயும் மூடியிருக்குமேன்னு கேட்டேன். எனக்கு நிம்மதியா இருந்திருக்கும், அவனுக்கு? அப்படின்னு கேட்டாரு தங்கச்சி."

பாறை வந்துவிட்டது. மரக்கட்டைப் பாலத்தின் மேல் ரயில் ஊர்கிறது, ஒரு பக்கம் கீழே ஆறு, மறுபக்கம் ஜன்னலில் கையை நீட்டினால் தொடலாம் போல மலை. வெட்டிய தடம் இன்னும் தெரிகிறது, உளி இறங்கிய கோடுகள். எல்லாரும் ஆற்றுப் பக்கம் போய்க் கூவுகிறார்கள். நான் மலையைப் பார்க்கிறேன், பார்க்க முடியவில்லை, கண் மறைக்கிறது. எனக்கு நிம்மதியா இருந்திருக்கும், அவனுக்கு? அப்பா அப்படித்தான் பேசுவார். அப்படியே அப்பா குரல். தன் வாயால் ஒரு மனுசனைச் சாகடித்து, அந்த இடத்தில் பாய் விரித்துப் படுக்க அவருக்கு மனசு வரவில்லை. அதற்காக அத்தனை வருசம் யார் வீட்டிலோ விருந்தாளி மாதிரி, எந்த நேரமும் கிளம்பத் தயாராக. அந்தச் சட்டை. அந்த ஆணி. போக ஆசைப்பட்டு அல்ல, சொன்ன சொல்லுக்காக. இதற்குப் போய்ப் பயந்தேனே. "ஏண்ணே எங்கிட்ட சொல்லல?" என்று கேட்கிறேன், குரல் எனக்கே கோபமாகக் கேட்கிறது. அண்ணன் நிஜமாகவே ஆச்சரியப்படுகிறார். "நீ அவரு பொண்ணு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்." பிறகு, "உன் கல்யாணத்துல அந்தப் பய பேசினப்ப அவன் வாயில வாளியாலயே போட்டிருக்கணும். எனக்கும் அப்பச் சந்தேகம் இருந்துச்சு, அதான் கை எழும்பல. ஆஸ்பத்திரிக்குப் பொறவுதான் தெளிஞ்சுச்சு. கொள்ளி வச்சேன்ல, மனசாரத்தான் வச்சேன்" என்கிறார். அந்தப் பிள்ளை விழித்துக்கொண்டு, தலையைச் சாய்த்திருப்பது தெரிந்து வெட்கப்பட்டு, இரண்டு கையையும் கூப்பி அண்ணனைக் கும்பிடுகிறாள். அண்ணனும் கும்பிடுகிறார். ரயில் நிற்கிறது. நாங்கள் இறங்க வேண்டிய இடம் இதுதான்.

படி இறங்கி இறங்கி முழங்கால் வலிக்கிறது. கரையில் படகுக்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறார்கள், நல்லவர்கள். எந்த முகாம், எந்தக் கொட்டாய், யாருக்குத் தெரியும், இந்த ஆற்றோரம் எங்கேயோ. இன்றைக்கு அமாவாசை, தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசை போதும் என்று எங்கள் கோயில் பண்டாரம் சொல்லியிருக்கிறார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறார், நான் பக்கத்தில் புடவையோடு. காலுக்கடியில் கூழாங்கல், தண்ணீர் நினைத்ததைவிடச் சில்லென்று இருக்கிறது. ஓட்டல் பெண்ணிடம் சொல்லி வேகவைத்து வாங்கிய சோற்றை எள்ளோடு பிசைந்து உருட்டி, இலையில் வைத்து அண்ணன் கையில் கொடுக்கிறேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் மந்திரம். அண்ணன் வாயைத் திறக்கிறார். மூடுகிறார். மறுபடி திறக்கிறார். கூப்பிட்டுவிட்டால் முடிந்தது, மூச்சு இருந்துச்சு என்பது அதோடு தீர்ந்தது. அம்மாவும் அப்பாவும் சொல்லாததை இவர் எப்படிச் சொல்வார். என் பக்கம் திரும்புகிறார். "முடியல தங்கச்சி. நீ கூப்புடு." நானா. நான் யார் அவருக்கு. அவர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள். ஆனால் அண்ணன் என்னைத்தான் பார்க்கிறார், அந்த நரைத்த முகத்தில் லாரிக்குப் பின்னால் ஓடின பிள்ளை நிற்கிறது. கூட்டாளியின் மகள் கூப்பிட்டால் வரமாட்டாரா. "வையாபுரி அப்பா" என்கிறேன். என் குரல் தண்ணீர் மேல் போகிறது. "வாங்கப்பா. நாந்தான், சடையன் மக பூங்காவனம். அய்யாக்கண்ணும் வந்திருக்கு. வாங்க, வந்து சாப்பிடுங்க." வாங்க என்று சொன்னதும் உள்ளே எதுவோ, வயிற்றில் இத்தனை வருசமும் முட்டிக்கொண்டிருந்த எதுவோ, விட்டுவிடுகிறது. அழுகிறேன். முகம் தெரியாத அந்த மனுசனுக்காக, இதுவரை அழாத அழுகை. அண்ணன் இலையைத் தண்ணீரில் விடுகிறார். அது ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்கிறது, சோறு கரைகிறது, அந்த நொடியில் எங்கிருந்துதான் வந்தனவோ, மீன்கள், கைநீள மீன்கள், எங்கள் முழங்காலை உரசி இடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, தண்ணீரே கொதிக்கிற மாதிரி. அண்ணன் முதலில் திடுக்கிடுகிறார், பிறகு சிரிக்கிறார், அழுதுகொண்டே சிரிக்கிறார். இரண்டாவது உருண்டையை என் கையிலிருந்து வாங்கி, குனிந்து, தண்ணீரைத் தொட்டு, ரொம்ப நாள் பட்டினி கிடந்த ஆளுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொல்கிறார்: "அவசரப்படாம சாப்புடுங்கப்பா. இன்னும் இருக்கு."